அடித்த ஆசிரியர், சமாதானம் பேசும் பள்ளி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால்?

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். 12 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கணக்கு நோட்டு கொண்டு போகவில்லை என்று ஆசிரியர் பிரம்பால் முதுகிலும் தொடையிலும் அடித்து, கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்திருக்கிறார். ஒன்பது நாள் ஆகிறது. இடது காதில் இன்னும் 'கொய்ங்' என்று சத்தம் கேட்கிறது என்கிறான். பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பள்ளியில் கேட்டால், "நல்லதுக்குத்தானே அடிச்சாரு, அட்மிஷன் ஃபார்ம்ல கண்டிக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொன்னோம். பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு வக்கீல் 20,000 ரூபாய் கேட்கிறார். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கேஸ் போட்டால் டிசி கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். நாங்கள் யாரிடம் போவது?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 20,000 ரூபாயை எங்கும் புரட்ட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12, யார் யாருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று சொல்கிறது. அதில் பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இடம்பெறுகிறார்கள். அதாவது உங்கள் மகனுக்கும் உரிமை உண்டு, அவன் சார்பில் போகும் தாயான உங்களுக்கும் உண்டு. வருமானச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு, அங்குள்ள நீதிமன்றத்திலேயே செயல்படும். வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அந்த அலுவலகத்தை நடத்தும் செயலாளர் ஒரு நீதிபதி என்பது பலருக்குத் தெரியாது. ஏதோ தொண்டு நிறுவனம் என்று நினைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடுகிறார்கள். எழுதத் தெரியவில்லை என்றாலும் அங்கிருப்பவர்கள் மனுவை எழுதித் தருவார்கள். பட்டியலில் உள்ள ஒரு வக்கீலை உங்களுக்கு ஒதுக்குவார்கள். அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழுவே கொடுக்கிறது. நீதிமன்றக் கட்டணம், நகல் செலவும் அதில் சேரும். அவர் தனியாக உங்களிடம் பணம் கேட்டாலோ, போனை எடுக்காமல் இழுத்தடித்தாலோ செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.

'இலவச வக்கீல் என்றால் ஏனோதானோவென்று இருப்பார்' என்ற பேச்சு நீதிமன்ற வாசலிலேயே கேட்கும். உண்மையைச் சொன்னால், சிலர் அப்படித்தான். ஆனால் பணம் வாங்குபவர்களிலும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போக்சோ, குழந்தைகள் நல வழக்குகள் பார்த்த அனுபவம் உள்ளவரை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒருவேளை வெளியில் வக்கீல் வைக்க முடிவு செய்தால், "இப்போ ஒண்ணும் தர வேண்டாம், வர்ற நஷ்டஈட்டில் பாதி" என்று பேசுபவரிடம் மட்டும் சிக்காதீர்கள். வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது.

சரி, வக்கீல் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி "ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் இதைப் படித்து முடித்ததும் நீங்கள் போக வேண்டிய இடம் கோர்ட் அல்ல, அரசு மருத்துவமனை.

கிளினிக் சொட்டு மருந்து சீட்டு வழக்குக்குப் பெரிதாக உதவாது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் 'ஆசிரியர் அடித்ததால் ஏற்பட்ட காயம்' என்று சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதுவார்கள், அதைத்தான் ஏ.ஆர். என்பார்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது, எந்தத் தேதி என்று அதில் வர வேண்டும். "கீழே விழுந்துட்டான்னு போட்டுக்கலாமா, போலீஸ் தொல்லை இருக்காது" என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் முழு வழக்கையும் படுக்க வைத்துவிடும். ஒன்பது நாள் தாமதம் ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: கிளினிக்குக்குப் போனோம், பள்ளியில் பேசினோம், சத்தம் நிற்கவில்லை. தழும்பு மங்கியிருந்தாலும், முதல் நாள் போனில் எடுத்த படம் இருந்தால் அழிக்காமல், அதே போனில் அப்படியே வைத்திருங்கள்.

காதுக்கு இ.என்.டி. மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி, செவித்திறன் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். மகனின் உடல்நலத்துக்கு இது முக்கியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சட்டத்திலும் இதுதான் வழக்கின் எடையை முடிவு செய்யப்போகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் என்றால் பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் பிரிவு 117(2): ஏழாண்டு வரை சிறை. எது கொடுங்காயம் என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. எலும்பு முறிவு, பல் உடைதல், ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போவது எல்லாம் அதில் வரும். பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலியோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலையோ இருந்தால் கொடுங்காயம் என்று இருந்தது. புதிய சட்டம் அதை 15 நாளாகக் குறைத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு ஒன்பது நாள் ஓடிவிட்டது. எந்தெந்த நாள் பள்ளிக்குப் போகவில்லை, எந்த நாள் தூங்க முடியவில்லை, மருத்துவர் எத்தனை நாள் ஓய்வு சொன்னார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். இல்லாத வலியை எழுதச் சொல்லவில்லை. இருக்கிற வலி பதிவாகாமல் போய்விடக் கூடாது என்கிறேன்.

அடுத்தது புகார் மனு. ஸ்டேஷன் வாசலில் எழுதித் தருபவர்கள் 'கொலைவெறித் தாக்குதல்', 'காட்டுமிராண்டித்தனமாக' என்றெல்லாம் அடுக்குவார்கள். அப்படி எழுதிய மனுவைக் குறுக்கு விசாரணையில் கிழிப்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ரொம்பச் சுலபம். மகன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பீரியட், எதனால் அடித்தார், எத்தனை முறை, எந்தக் கையால் அறைந்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் யாரிடம் சொன்னான், பள்ளியில் உங்களிடம் யார் என்ன சொன்னார்கள். இரண்டு பக்கம் போதும். அவனிடம் ஒரு முறை, பொறுமையாக, நடுவில் புகுந்து எடுத்துக்கொடுக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவனை மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். பத்தாவது முறை சொல்லும்போது அது அவன் கதையாக இருக்காது, அவனுக்கும் தாங்காது.

மனுவைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் "பேசி முடிச்சுக்கோங்க" என்றதில் அலட்சியமும் இருக்கலாம், சட்டச் சிக்கலும் இருக்கிறது. சாதாரணக் காயத்துக்கான 115(2), போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் வகையில் வராது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 75-ம், 2021 திருத்தத்துக்குப் பிறகு அந்த வகையிலிருந்து வெளியே போய்விட்டது. 'நான்-காக்னிசபிள்' என்று ஸ்டேஷனில் சொல்வது இதைத்தான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா அனுப்பவும் சட்டம் இடம் தரவில்லை. தகவலைப் பதிவு செய்துகொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் போலீஸ் விசாரிக்க வேண்டும். நீங்களே நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப்புகாரும் கொடுக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். காதுப் பரிசோதனையில் கொடுங்காயம் என்று வந்தால் நிலைமையே வேறு: அப்போது போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், அதன் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்ட காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 115(2) மட்டும்தான் என்றால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு அந்த ஓராண்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 15 வயதுக்கு உட்பட்ட பையனைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. அவன் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். "பையனைக் கூட்டிட்டு வாங்க" என்று போன் வந்தால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென்று ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டிருப்பார். அவரைக் கேளுங்கள்.

பள்ளி காட்டும் அந்தச் சம்மதக் கையெழுத்துக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். தனியார் பள்ளி என்றால் விலக்கு கிடையாது. தமிழ்நாடு இதற்கும் முன்பே, 2003-இல், கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்துவிட்டது. சட்டம் கூடாது என்று சொன்ன ஒன்றுக்குப் பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்க முடியாது. கண்டிக்கச் சம்மதம் என்று எழுதினால், கண்டிக்கத்தான் சம்மதம்.

ஆனால் எதிர்த்தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பாதுகாவலர் சம்மதத்தோடு செய்தது குற்றமாகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான், அதனால் பிறப்புச் சான்றிதழ் நகலை மனுவோடு வையுங்கள். என்றாலும், கெட்ட எண்ணமில்லாத லேசான தண்டனை என்ற வாதத்தைச் சில நீதிமன்றங்கள் ஏற்று ஆசிரியர்களை விடுவித்திருக்கின்றன. காதில் அறைந்ததை 'லேசான' என்று சொல்ல முடியாதபடி செய்வது மருத்துவச் சீட்டுதான். நான் ஏன் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வருகிறேன் என்று இப்போது புரியும்.

கோர்ட் ஒரு பக்கம் இருக்கட்டும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட விஷயங்களில் சீக்கிரம் அசைவது கல்வித் துறைதான். அதே மனுவின் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனு எண்ணோடு கீழே வரும்போது அலுவலகங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகின்றன. 14417 கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகளுக்கான எண். அதற்கு உங்கள் மகனே நேரடியாகப் பேசலாம். இவர்கள் யாரும் அசையவில்லை என்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். ஆணையம் சிறைக்கு அனுப்பாது. ஆனால் பள்ளியையும் அதிகாரியையும் அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வக்கீல் இல்லாமலேயே, தபால் செலவோடு முடியும் வேலை இது.

(இதே பிரச்சினை அரசுப் பள்ளியில் என்றால், அடித்தவருக்கு 17-பி குறிப்பாணை (துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) கொடுத்தார்களா, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தையை வேறு சமூகத்தவர் சாதியைச் சொல்லித் திட்டி அடித்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். பாலியல் தொந்தரவு சேர்ந்திருந்தால் போக்சோ. இந்த இரண்டிலும் போலீஸ் 'பேசி முடியுங்கள்' என்று சொல்லவே முடியாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் எழுதத் தயங்கியிருந்தால், வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.)

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெற்றோருக்கும் வரும் பயம் அது. ஆனால் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16, சொல்கிறது. டிசியை நீட்டினால் வாங்காதீர்கள். "எழுத்துப்பூர்வமாகக் காரணம் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கடிதம் அநேகமாக வராது. டிசி நீட்டிய தேதியையும் நோட்டில் குறித்து, அன்றே கல்வி அலுவலருக்கு ஒரு வரி அனுப்புங்கள். நேரடியாக வெளியே அனுப்பாமல் பையனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது, மற்ற பிள்ளைகளைப் பேச விடாமல் செய்வது போன்றவை நடக்கலாம். அதுதான் அதிகம் நடக்கிறது. பிரிவு 17-இல் உள்ள மனத் துன்புறுத்தல் என்ற வார்த்தை அதற்கும் சேர்த்துத்தான். பள்ளியை மாற்றுவதே நல்லது என்று உங்களுக்கே தோன்றினாலும் வழக்குக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

இனி சமாதானப் பேச்சு. நிச்சயம் வரும். வார்டு பிரமுகர் வருவார், பள்ளித் தாளாளரின் சொந்தக்காரர் வருவார், "வாத்தியாருக்கு ரெண்டு பொண்ணுங்க, வேலை போயிடும்" என்பார்கள். சமரசமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணக் காய வழக்கைச் சட்டமே சமரசத்தில் முடிக்க அனுமதிக்கிறது. மைனருக்காக நீதிமன்ற அனுமதியோடு நீங்கள் செய்யலாம். ஆனால் டீக்கடையில் வைத்து வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காதின் கடைசிப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன் எதையும் பேசாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்கும் திறன் குறைந்தது என்று தெரியவந்தால், கையில் வாங்கிய பத்தாயிரம் ரூபாய் எதற்கும் காணாது. பேசித்தான் தீர வேண்டும் என்றால் உங்கள் வக்கீல் முன்னிலையில், சிகிச்சைச் செலவு முழுவதும், ஆசிரியரின் எழுத்துப்பூர்வ மன்னிப்பு, மகனை வேறு செக்ஷனுக்கு மாற்றுவது என்று உங்கள் நிபந்தனைகளை எழுதி வைத்துப் பேசுங்கள்.

பள்ளியில் கேமரா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே ஒரு கடிதம் கொடுங்கள்: இந்தத் தேதி, இந்த வகுப்பறையின் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று. பெரும்பாலான கேமராக்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடிதம் கொடுத்த பிறகும் பதிவு காணாமல் போனால், ஏன் போனது என்று பள்ளிதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

மகனின் முதுகுத் தழும்புப் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிடாதீர்கள். கோபத்தில் சொந்தக்காரர் யாராவது போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். விசாரணையில் இருக்கும் ஒரு குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் குடும்பமே இதில் மாட்டிக்கொண்டு, எதிர்த்தரப்புக்கு ஒரு துருப்புச்சீட்டைக் கொடுப்பதைப் பார்க்கச் சகிக்காது. தொலைக்காட்சி நிருபர் வந்தாலும் இதே பதில்தான்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது ஏ.ஆர். நகல், இ.என்.டி. சீட்டு, கிளினிக் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், புகார் மனு, சி.எஸ்.ஆர்., கல்வி அலுவலகத்தில் வாங்கிய ஒப்புகை, அந்த நோட்டு எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலப் பத்திரங்களை வக்கீல் உட்பட யாரிடமும் விட்டு வராதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். எல்லாம் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இருப்பதோடு போகலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாளை காலையே போய்விடுங்கள்.